அழாம இறங்கிட்டா போதும்

உக்காரலாங்களாக்கா? இந்தப் பைய மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிறேன். பாருங்க, மூணு ஜோடி செருப்பு. அவரோடது, பாப்பாவோடது, என்னோடது. என்னோடத எதுக்குக் கழட்டுனேன்னு எனக்கே தெரியல. நானா ஏறப் போறேன்? அவரு கழட்டிக் குடுத்தாரு, அவ கழட்டிக் குடுத்தா, நானும் கழட்டி வச்சுட்டேன். கையும் ஓடல காலும் ஓடலக்கா எனக்கு.

நீங்களும் செருப்புக்குக் காவலா? அண்ணனும் பெரிய பையனும் தண்ணி சறுக்குக்குப் போயிருக்காங்களா? சரிதான். எந்த ஊரா இருந்தாலும் நம்மளுக்கு இந்த பெஞ்சுதான் போல.

அந்தா, கம்பிய வளைச்சு வளைச்சு விட்டு வரிசை கட்டியிருக்கான்ல, அதுல ரெண்டாவது வளைவுல மஞ்ச கவுனு தெரியுதா? உச்சியில கொண்டை போட்டது. அதான் என் பொண்ணு, மிதுனா. ஜூன் வந்தா மூணாவது போறா. பக்கத்துல நீலச் சட்டை, அவருதான் எங்க வீட்டுக்காரரு.

கொண்டைய ஏன் அவ்ளோ உசரத்துல போட்டிருக்கேன்னு பாக்குறீங்களா? வரிசை முன்னாடி ஒரு பலகை வச்சிருக்கான், இந்தக் கோட்டத் தலை தொட்டாத்தான் ஏத்துவோம்னு. எவ்ளோ உசரம்னு போன்ல பாத்து, வீட்டுச் சுவத்துல நானும் கோடு போட்டு அளந்து பாத்தேன். அரை விரக்கடை பத்தல. அதான் காலையில லாட்ஜுல உக்கார வச்சு, முடியையெல்லாம் உச்சிக்கு இழுத்து, உள்ள ஒரு சாக்ஸச் சுருட்டி வச்சுக் கொண்டை போட்டுவிட்டேன். பலகைகிட்ட நிக்கிற தம்பி என்னடான்னா உள்ளங்கையால கொண்டைய அமுக்கிப் பாக்குறான். எனக்கு உசுரே போயிருச்சு. நல்லவேளை, அமுக்குன பிறகும் தலை கோட்டத் தொட்டுச்சு. லீவுல வளந்திருக்கா போல.

எல்லாரும் பிள்ளைய ஏத்தாதீங்கன்னு கெஞ்சுவாங்க. நான் எப்படியாச்சும் ஏத்தணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்தா ஊஞ்சலாட்டம் ஆடுதே, அந்தக் கொலம்பஸ் கப்பல்ல அவ ஏறணும். ஏறி, அழாம இறங்கணும். அழாம இறங்கிட்டா எம்புள்ள என்கூட இருப்பா. அழுதுட்டான்னா ஹாஸ்டல்.

ஆமாக்கா, ஹாஸ்டல்தான். ஏழு வயசுப் பிள்ளைய! மலை மேல ஒரு பள்ளிக்கூடம், எங்க பட்டுக்கோட்டையிலேருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸுல போகணும். அவரே நேர்ல போயி ஃபாரம் வாங்கிட்டு வந்து, எழுதி, போட்டோ ஒட்டி, கையெழுத்தும் போட்டுட்டாரு. இந்தா, இந்தப் பையிலதான் இருக்கு. கண்ணாடி, போனு, பர்ஸு, ஃபாரம், எல்லாத்தையும் என்கிட்டதான் குடுத்துட்டுப் போயிருக்காரு. "அழாம இறங்கட்டும் சுகந்தி, அப்பவே கிழிச்சுப் போட்டுருவோம்"னு சொல்லியிருக்காரு. சொன்னா சொன்னதுதான் அவருக்கு. அதுதான் நல்லதும், அதுதான் பயமும்.

என்ன, தம்பி சாப்பிட மாட்டேங்கிறானா? என்ன பேரு? பிரணவ்வா. மூணு வயசு இருக்குமா? தயிர்சோறா? குழந்தைக்குன்னா உள்ள விடுறாங்களா? எங்க புளிசாதத்தைக் கேட்டுலயே வாங்கி வச்சுக்கிட்டான். வெளிச் சாப்பாடு கொண்டு வரக்கூடாதாம். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுக் கிண்டுனது, லாட்ஜுல ஒரு இண்டக்சன் அடுப்ப வச்சுக்கிட்டு.

குடுங்கக்கா கிண்ணத்த. நீங்க கெஞ்சக் கெஞ்ச இவன் ஏறிக்கிட்டுதான் போவான். பிரணவ்வு, அந்தா விசில் வச்சிருக்காரு பாரு ஒரு மாமா, பெரிய மீசை. சாப்பிடாத பிள்ளையெல்லாம் எங்கன்னு தேடிக்கிட்டு இருக்காரு. கண்டுபிடிச்சாருன்னா அந்தக் கப்பல்ல கட்டிப் போட்டுருவாரு. அந்தா, திரும்புறாரு பாரு, நம்மளத்தான் பாக்குறாரு... ஆ... ம், அப்படித்தான். முழுங்கு.

பாத்தீங்களா? அரைக் கிண்ணம். ரெண்டே நிமிசம். ஊர்ல எல்லாரும் என்கிட்டதான் பிள்ளைகளத் தூக்கிட்டு வருவாங்க, சுகந்தி ஊட்டுனாத்தான் இறங்கும்னு. கை வாசிம்பாங்க.

மிதுனாவையும் அப்படித்தான் வளத்தேன். ஒத்தையாளா வளத்தேன்க்கா. அவரு மஸ்கட்டுல ஏசி மெக்கானிக். அவளுக்கு நாலு வயசு இருக்கும்போது போனவரு, ரெண்டு வருசம் எட்டு மாசம் கழிச்சு இந்த ஏப்ரல்லதான் வந்தாரு. நாங்க இருக்குறது தெருக்கோடி, புது வீடு, ஒரு பக்கம் தென்னந்தோப்பு. நானும் அவளும் மட்டுந்தான். அந்தப் பிள்ளை ஒரு வாய்ச் சோத்துக்கு ஒரு மணி நேரம் ஆக்கும். கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். தூங்காது. சொன்ன பேச்சுக் கேக்காது. ஒத்தப் பொம்பளை என்ன பண்ணுவா?

தோப்புல ஒத்தைக் கண்ணன் இருக்கான்னு சொல்லுவேன். கேஸு சிலிண்டரு போடுறவரு வந்தா, சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போயிருவாருன்னு சொல்லுவேன். அந்த மனுசன் பாவம், நல்லவரு, இவ அவரப் பாத்து ஓடுற ஓட்டத்தப் பாத்துட்டு "நான் என்னம்மா பண்ணேன்"னு கேப்பாரு. ஊசி போடுற டாக்டரு, பாத்ரூமுல கெடக்குற பல்லி, மொட்டை மாடித் தண்ணித் தொட்டி, எது கையில கெடைக்குதோ அது. எல்லாம் சோறு இறங்குறதுக்குத்தான். வேற எதுக்கு?

எதுக்கும் மசியலன்னா, கடைசியா அவங்க அப்பா. டம்ளர்ல போனச் சாச்சு வச்சு, அவரு போட்டோவ எடுத்துப் போட்டுருவேன். "அந்தா பாரு, அப்பா அங்கேருந்து பாத்துக்கிட்டே இருக்காரு. நீ துப்புறது, முழிக்கிறது எல்லாம் தெரியுது. வரும்போது பெல்ட்டோடதான் வருவாரு." அவ்ளோதான், தட்டு காலி. அவரு அங்க ஏதாச்சும் ஒரு மாடியில மெசினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு வேர்த்து ஊத்திக் கெடப்பாரு. இங்க இவ அவரு பாக்குறாருன்னு கடகடன்னு தின்னுக்கிட்டு இருப்பா. எனக்குச் சிரிப்பா வரும்.

நெசமா அவரு வீடியோல வந்தா, எந்திரிச்சு நின்னு "நல்லா இருக்கேன்ப்பா"ன்னு சொல்லிட்டு உள்ள ஓடிருவா. "என்ன மரியாதையா வளத்துருக்க சுகந்தி"ன்னு சந்தோசப்படுவாரு. நானும் ஒண்ணும் சொல்லிக்கிறது இல்ல.

வரிசை நகருதா? கொஞ்சம் பாருங்களேன். இன்னும் அந்த வளைவுலதான் நிக்கிறாங்களா? ஒரு தடவைக்கு முப்பது நாப்பது பேர ஏத்துறான். ரெண்டு ஆட்டத்துல இவங்க முறை வந்துரும். ஏய் மிது! கேக்காது. இருங்க, இந்தப் பக்கம் பாக்குறா. இந்தா, உதட்டுல விரல வச்சுக் காட்டுனேன் பாத்தீங்களா? உடனே வாய இறுக்கிக்கிட்டா. நான் சொன்னா அப்படியே கேக்கும் அந்தப் பிள்ளை.

அவரு வந்து இறங்குன அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுங்களா? வாசல்ல காரு வந்து நிக்குது. ரெண்டு பெரிய பெட்டி, கையில ஒரு பொம்மை, அமுக்குனா பாடும். "எங்கடா என் தங்கம்"னு உள்ள வராரு. இவ அவரப் பாத்தா. பாத்ததும் அவ கண்ணு போன எடம் எது தெரியுங்களா? அவரு இடுப்பு. பெல்ட்டத்தான் பாக்குறா. அப்படியே நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டா. அப்புறம் ஓடிப் போயி கிரைண்டருக்குப் பின்னாடி உக்காந்தவதான், சாயங்காலம் வரைக்கும் வெளிய வரல.

அவரு அந்தப் பொம்மைய வச்சுக்கிட்டுத் தரையில உக்காந்து கூப்பிட்டாரு. பாடிக் காமிச்சாரு. மனுசன் அழுதுட்டாருக்கா. நான் கல்யாணம் ஆகி அவரு அழுது பாத்ததில்ல. "என்ன சுகந்தி, என்னப் பாத்து ஏன் இப்படி நடுங்குறா?"ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்லுவேன்? "புது ஆளப் பாத்தா அப்படித்தான்"னு சொன்னேன்.

பெல்ட்டு கதைய எப்படிச் சொல்றது? சும்மா சோறு ஊட்டச் சொன்னது. அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்? எல்லார் வீட்டுலயும் சொல்றதுதானே. நீங்க சொல்ல மாட்டீங்களா? மாட்டீங்களா? அதான் தயிர்சோறு இறங்க மாட்டேங்குது, தப்பா நெனைச்சுக்காதீங்க.

அவரு என்ன முடிவு பண்ணிட்டாரு தெரியுங்களா? "நீ கைக்குள்ளயே வச்சுப் பொத்திப் பொத்தி வளத்து, எம்பொண்ணக் கோழை ஆக்கிட்ட." எம்மேல பழி. பொத்தி வளத்தேனாம். அதையும் வாங்கிக்கிட்டேன். உண்மையச் சொல்றதுக்கு அது தேவலன்னு தோணுச்சு.

அன்னைலேருந்து தைரியம் கத்துக் குடுக்குறேன்னு கெளம்புனாரு. அவருக்கு நாப்பத்தஞ்சு நாள் லீவு. ஒரு நாளு வீணாக்கல. பம்பு செட்டுத் தொட்டியில நீச்சல். தொட்டியக் கண்டதுமே, அதுக்குள்ள கை ஒண்ணு இருக்குன்னு கத்துனா. அது நான் சொன்னதுதான், மாடித் தொட்டிக்குச் சொன்னேன், அவ எல்லாத் தொட்டிக்கும் வச்சுக்கிட்டா. அப்புறம் சைக்கிளு. அப்புறம் ஒத்தையா கடைக்குப் போயி ஒரு சோப்பு வாங்கிட்டு வா. தெருமுனை வரைக்கும் போவா, அங்க யாரு வீட்டு வாசல்லயாச்சும் காலி சிலிண்டரு நிக்கும், ஓடியாந்துருவா.

அவரு அடிக்கலக்கா. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. மண்டி போட்டு உக்காந்து, "என்னடா பயம், அப்பாகிட்ட சொல்லு"ன்னு கேப்பாரு. இவ வாயத் தொறக்க மாட்டா. ஏன்னா அவருகிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லி வச்சிருந்தேன். சொன்னா பெட்டியத் தொறந்து பெல்ட்ட எடுத்துருவாருன்னு.

அது சும்மா... அவரு காதுக்குப் போயிடக் கூடாதுன்னு. வேற எப்படிச் சொன்னா அவ கேப்பா, சொல்லுங்க?

அப்புறந்தான் திருவிழா வந்துச்சு. எங்க ஊர்ப் பக்கம் பொருட்காட்சி போட்டிருந்தான். சின்ன ராட்டினம், நாலு வயசுப் பிள்ளையெல்லாம் சுத்துது. அவரு ஆசையாத் தூக்கி வச்சுக்கிட்டு ஏறுனாரு. பாதி உசரம் போகல, ஒரு கத்து கத்துனா பாருங்க. பேய் பிடிச்ச மாதிரி. ராட்டினக்காரன் நிறுத்திட்டான். சுத்தி நின்னவங்க எல்லாம் பாக்குறாங்க. ஒரு பொம்பளை அவரப் பாத்து, "பிள்ளை யாரோடதுங்க?"ன்னு கேட்டுட்டா. புள்ளை பிடிக்கிறவனோன்னு சந்தேகம் அவளுக்கு. பெத்த அப்பனப் பாத்து! அவரு நேரா வீட்டுக்கு வந்தாரு. மறுநாளு மலைக்கு பஸ் ஏறிப் போயி ஃபாரத்தோட வந்தாரு.

"உன்ன விட்டுத் தள்ளி இருந்தாத்தான் அவ மனுசியாவா சுகந்தி"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. நான் காலப் பிடிச்சேன். நெசமாலுமே பிடிச்சேன்க்கா. அப்பத்தான் இந்தக் கணக்குச் சொன்னாரு. "சென்னைக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க கொலம்பஸ் கப்பல்ல என்கூட ஒரு தடவை ஏறட்டும். அழாம இறங்குனா விட்டுடுறேன். அழுதா, நான் பிளைட்டு ஏறுறதுக்கு முன்னாடி அவளச் சேத்துட்டுத்தான் போவேன்."

பதினெட்டு நாள் இருந்துச்சு. பதினெட்டு நாளும் நான் தூங்கலக்கா.

சேலைய எடுத்து அடுக்களை உத்தரத்துல தூளி கட்டுனேன். அவரு வெளிய போன நேரமாப் பாத்து, அவள அதுல உக்கார வச்சு ஆட்டிவிடுவேன். முதல்ல மெதுவா, அப்புறம் கொஞ்சம் வேகமா, அப்புறம் கால் போயி அலமாரியில இடிக்கிற அளவுக்கு. கைக்குட்டையச் சுருட்டிப் பல்லுல குடுத்து, கடிச்சுக்கம்மேன். மேல போகும்போது மூச்ச இழு, கீழ வரும்போது விடு. கண்ண மூடாத, மூடுனா தலை சுத்தும், தூரத்துல ஒரு மரத்தப் பாருன்னு சொல்லிக் குடுத்தேன். இதெல்லாம் போன்ல பாத்துப் படிச்சேன், பயப்படுற பிள்ளைய ராட்டினத்துல ஏத்துறது எப்படின்னு ஒரு டாக்டரம்மா பேசுது. பிள்ளைய மொதல்ல பக்கத்துல நிறுத்தி வேடிக்கை காட்டு, இறங்குறவங்க சிரிச்சுக்கிட்டு இறங்குறதக் காட்டு, கட்டாயப்படுத்தாத, பொய் சொல்லாதன்னு. நல்லாத்தான் பேசுது. அதுக்கென்ன, அது பிள்ளைய யாரும் ஹாஸ்டல்ல போடப் போறதில்ல.

பள்ளிவாசலுக்கும் போனேன். ஹஜரத்து ஓதி ஊதி, தண்ணி குடுத்தாரு. கயிறு ஒண்ணு அவ இடுப்புல கட்டியிருக்கேன். ஓதி முடிச்சுட்டு, "பிள்ளைக்கு ஆரு பயம் காட்டுனா?"ன்னு என்னப் பாத்துக் கேட்டாரு. யாருமில்லைங்க, அதுவா பயப்படுதுன்னு சொன்னேன்.

தூளியில ஆடி முடிச்சு இறங்குனா, அப்படியே என் கழுத்தக் கட்டிக்குவா பாருங்க. பல்லிய மாதிரி ஒட்டிக்குவா. இதயம் படபடன்னு அடிக்கிறது எம்மேல கேக்கும். பயந்துட்டான்னா எப்பவுமே அப்படித்தான். ஓடியாந்து முகத்த என் கழுத்துல பொதைச்சுக்குவா. அவரு இல்லாத அந்த ரெண்டே முக்கா வருசமும் அந்த மூச்சு கழுத்துல பட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். அவ இல்லாத வீட்டுல நான் எப்படிக்கா இருப்பேன்? அவரும் போயிருவாரு. தோப்பு பக்கத்துச் சன்னலக்கூட நான் ஒத்தையாத் தொறக்க மாட்டேன்.

ஐயோ, கேட்டத் தொறந்துட்டான். ஏறுறாங்க, ஏறுறாங்க. எங்க உக்காருறாங்க? கடைசி வரிசையா? கடைசிதான்க்கா ரொம்ப உசரம் போகும். நடுவுல உக்காருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நடுவுலதான் கம்மியா ஆடும். இவரு கேக்குற ஆளா?

காலையில எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருக்கேன். "வாயத் தொறக்காத மிது. தொறந்தேன்னா காத்து உள்ள பூந்து, உன்னத் தூக்கி வெளிய எறிஞ்சிரும். கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா அப்பா ஹாஸ்டல்ல போட்டுருவாரு. ஹாஸ்டல்னா என்னன்னு தெரியுமா? இருட்டு ரூமு. பிரம்பு வச்ச வார்டன். நம்ம தோப்பு ஒத்தைக் கண்ணன் இருக்கான்ல, அவந்தான் அங்க வாட்ச்மேன்." நல்லா பயந்துட்டா. அந்தப் பயம் இருந்தாத்தான் இந்தப் பயம் தெரியாது. அதான் என் கணக்கு.

கெளம்பிருச்சு. நான் பாக்க மாட்டேன்க்கா. என்னால முடியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க. மஞ்ச கவுனு, இந்தப் பக்கம் கடைசி. மெதுவாத்தானே போகுது? இன்னும் மேல போகலல்ல? மாரியாத்தா, அழக்கூடாது. அழுதுறாத தங்கம். ஒரு ரெண்டு நிமிசம். ரெண்டே நிமிசம்.

எல்லாரும் கத்துறாங்களே. அவளும் கத்துறாளா? வாயத் தொறந்திருக்காளா? தொறந்துட்டாளா? நான் தொறக்காதன்னேனே! அழுறாளா கத்துறாளா, நல்லாப் பாருங்க. உங்களுக்குத் தெரியலியா? கண்ணாடி போட்டுக்கிறீங்களா, அவரு கண்ணாடி இந்தா இருக்கு. என்னது? சிரிக்கிறாளா?

அவளா? மஞ்ச கவுனுதானே? கொண்டை?

நீங்க வேற யாரையோ பாக்குறீங்கக்கா. அவ அப்படியெல்லாம் சிரிக்க மாட்டா.

*

வாங்கக்கா, உக்காருங்க. தம்பிக்குக் கை கழுவிட்டீங்களா? என்ன, இப்படி உங்க இடுப்ப விட்டு இறங்கவே மாட்டேங்கிறான்? விசில்காரரப் பாத்தா? பரவாயில்ல விடுங்க, சாயங்காலம் மறந்துருவான்.

ஆமா, வந்துட்டாங்க. நீங்க குழாயடிக்குப் போன நேரத்துலதான் வந்தாங்க. அழல. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல கண்ணுல. ஆமாக்கா, ஜெயிச்சுட்டா.

அந்தா, ஐஸ் கடைக்குப் பக்கத்துல கட்டை மேல உக்காந்திருக்காங்கல்ல ரெண்டு பேரும். செருப்புக்கூடப் போட்டுக்காமப் போயிட்டாங்க.

சொல்றேன், இருங்க.

அவரு அவளத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு வந்தாரு. முதல் தடவையா அவளா அவரு மேல ஏறுறா. அவரு முகத்தப் பாக்கணுமே! "சுகந்தி, உம்பொண்ணு என்ன வேலை பண்ணா தெரியுமா? உச்சிக்குப் போனதும் நான் பயந்து போயி அம்மான்னு அலறிட்டேன். இவ என் வாயவே பாக்குறா. பாத்துக்கிட்டே இருந்துட்டு, இவளும் வாயத் தொறந்து அலற ஆரம்பிச்சுட்டா. அப்புறம் ஒரே சிரிப்பு"ங்கிறாரு. அவ என்னப் பாத்து, "அப்பாவும் வாயத் தொறந்தாரும்மா. விழல. நானும் விழல"ன்னா. அவ்ளோதான் சொன்னா. கோவமா எல்லாம் சொல்லல.

"எங்க ஃபாரம், எடு"ன்னு கேட்டாரு. எனக்கு ஒரே சந்தோசம். எடுத்துக் குடுத்தேன். கிழிக்கப் போனாரு. இவ அவரு கையப் பிடிச்சுக்கிட்டா. "இருங்கப்பா"ங்குறா.

"ஹாஸ்டல்ல இருட்டு ரூம் இருக்காப்பா?"

"யாருடா சொன்னா? லைட்டு, ஃபேனு எல்லாம் இருக்கு."

"வார்டன் பிரம்பு வச்சிருப்பாங்களா?"

"இல்லடா. நான் பேசிட்டுத்தானே வந்தேன். ஒரு சிஸ்டரு, நல்லாச் சிரிக்கிறாங்க."

"ஒத்தைக் கண்ணன்தானே அங்க வாட்ச்மேன்?"

அவரு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே என்னப் பாத்தாரு. பாத்துட்டு, சிரிக்கிறத நிறுத்திட்டாரு. "அப்படி யாருமே கிடையாதுடா. எங்கயுமே கிடையாது"ன்னாரு.

அவ அவரு சட்டை பட்டனத் திருகிக்கிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா, "அம்மா வருவாங்களா அங்க?"

"அம்மா அங்க தங்க முடியாதுடா. மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாப்பாங்க"ன்னாரு, பாவம், அவ அதுக்குத்தான் ஏங்குறான்னு நெனைச்சுக்கிட்டு.

"அப்ப நான் போறேன்ப்பா"ன்னு சொல்லிட்டா.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? எம்புள்ள சொன்னா, ஏழு வயசுப் பிள்ளை. நான் தூளி கட்டி ஆட்டுன பிள்ளை.

அவரு திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. ஒரு அறை குடுத்திருந்தாக்கூட வாங்கிட்டுப் போயிருப்பேன். அந்தக் காயிதத்த நாலா மடிச்சாரு. என்கிட்ட குடுக்கல, அவரு சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டாரு. "ஐஸ் சாப்பிடலாமா மிது"ன்னு கேட்டாரு. போயிட்டாங்க.

பிள்ளைக்கு ஏதோ ஆயிருச்சுக்கா. அந்த உசரத்துல காத்து அடிச்சதுல ஏதோ பூந்துருச்சு. இல்லன்னா என் பிள்ளை அப்படிச் சொல்லாது. பயப்படாம இருக்கே, அதுவே சரியில்ல. ஊருக்குப் போனதும் மறுபடி பள்ளிவாசலுக்குத் தூக்கிட்டுப் போகணும். ஓதி ஊதுனா பழையபடி ஆயிரும். ஆகாதா? அதுக்கு நாள் எங்க இருக்கு? வெள்ளிக்கிழமை அவருக்கு பிளைட்டு.

கூப்பிட்டுப் பாத்துட்டேன். தங்கம்னு கூப்பிட்டேன், செல்லம்னு கூப்பிட்டேன். ஐஸ நக்கிக்கிட்டே இந்தப் பக்கம் ஒரு தடவை பாத்தா. அவரு காதுல என்னமோ சொன்னா. அவரு வேற பக்கம் பாக்குறாரு.

அக்கா, ஒரு உதவி பண்ணுவீங்களா? நீங்க பாக்க வாட்டசாட்டமா இருக்கீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா எந்திரிச்சு, அவ பக்கமா ரெண்டு எட்டு வச்சு, ஒரு முறை முறைச்சீங்கன்னா போதும். வாயத் தொறந்து பேசக்கூட வேணாம். போலீசம்மா பிடிக்க வராங்கன்னு நான் இங்கேருந்து சொல்லிக்கிறேன். ஓடியாந்து என் கழுத்தக் கட்டிக்குவா. எப்பவும் அப்படித்தான் ஓடியாருவா.

எந்திரிங்கக்கா. ஒரே ஒரு தடவை.